பூட்டிய வீட்டு நீலக்கல்

திங்கட்கிழமை, காலை 7.50.

வெல்வெட் டப்பா இருந்தது. மோதிரம் இல்லை.

தலைமைக் காவலர் லோகநாயகி டப்பாவை மூடி, மறுபடி திறந்து பார்த்தாள். அதே இழுப்பறையில் ஒரு சாண் தள்ளி, மஞ்சள் துணியில் சுற்றிய ரெட்டை வடச் சங்கிலியும் ஆறு வளையல்களும் இருந்தன. எல்லாமாகப் பதினான்கு பவுன். யாரும் தொட்டதாகத் தெரியவில்லை.

"மோதிரம் எத்தனை பவுன்மா?"

"தங்கம் அரைப் பவுன்கூடத் தேறாது மேடம்" என்றாள் வீட்டுக்கார அம்மாள் ரமா. "கல்லுதான். நீலம். இவரோட அப்பா போட்டுண்டிருந்தது."

அவளுடைய கணவர் யக்ஞநாராயணன் கட்டிலின் ஓரத்தில், ரயிலில் கசங்கிய சட்டையோடு உட்கார்ந்திருந்தார். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர்.

"ரொம்ப நல்ல கல்லு" என்றார் அவர். "எத்தனையோ பேர் ரெண்டு நாள் போட்டுண்டு தரேன்னு கேட்டிருக்கா. நீலத்தை இரவல் குடுக்கக் கூடாதுன்னு அப்பா சொல்லுவார். குடுத்ததில்லை."

"கடைசியா எப்போ பார்த்தீங்க?"

"புதன்கிழமை ராத்திரி" என்றாள் ரமா. "குலதெய்வம் கோயில் கும்பாபிஷேகம். கூட்டத்துல நகையோட போக வேண்டாம்னு எல்லாத்தையும் கழட்டி உள்ள வச்சேன். மோதிரம் இருந்தது. பூட்டிச் சாவியை அரிசி டப்பால போட்டேன்."

லோகநாயகி நிமிர்ந்து பார்த்தாள். ரமாவுக்கு முகம் சிவந்தது.

"தெரியும் மேடம். போன மாசம் பார்க்ல கூட்டம் போட்டப்போ நீங்க சொன்னேள், பீரோ சாவியை அரிசி டப்பால வைக்காதீங்கன்னு. தெருவே சிரிச்சது. நான்தான் முதல்ல சிரிச்சேன். வந்து மறுபடி அங்கேயே வச்சேன்."

அந்தக் கூட்டம் லோகநாயகிக்கு நினைவிருந்தது. போலீசும் தீயணைப்புத் துறையும் சேர்ந்து நடத்தியது. கஸ்தூரி அவென்யூவின் நாற்பது குடும்பங்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து, இலவச மோர் குடித்துக்கொண்டே கேட்டன. அரிசி டப்பா என்றதும் எழுந்த சிரிப்பு, நாற்பது வீட்டின் ஒப்புதல் வாக்குமூலம்.

"இன்னிக்கு வந்ததும் என்னென்ன பண்ணினீங்க? வரிசையா சொல்லுங்க."

"ஆறரைக்கு ஆட்டோலேர்ந்து இறங்கினோம். இவர் பூட்டைத் திறந்தார். மெயின் அணைஞ்சிருந்தது, போட்டார். நான் கையை அலம்பிண்டு நேரா அடுப்பைப் பத்த வச்சுப் பாலைக் காய்ச்சினேன். காபி குடிச்சோம். குளிச்சேன். சங்கிலியைப் போட்டுக்கலாம்னு பீரோவைத் திறந்தா, டப்பா லேசா இருந்தது."

"பூட்டு?"

"அப்படியே இருந்தது. கதவு, ஜன்னல் எல்லாமே." அவள் தரையைப் பார்த்தாள். "சாவி மூணு. ஒண்ணு இவர்கிட்ட, ஒண்ணு என்கிட்ட. மூணாவது உங்க போலீஸ்காரர் குப்புராஜ்கிட்ட."

லோகநாயகி ஒன்றும் சொல்லவில்லை. அவள் பேசாமல் இருந்தால் நேரம் போவது எதிரில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும், அவளுக்குத் தெரியாது. மின்விசிறி பதினைந்து இருபது சுற்று சுற்றிய பிறகு யக்ஞநாராயணனே சொன்னார்.

"நான்தான் மேடம் குடுத்தேன். அவர் கேக்கலை. போன வருஷ மழையில ஆத்துக்குள்ள தண்ணி வந்துடுத்து. இந்தத் தடவை தண்ணி ஏறினா மெயினையாவது அணைக்கட்டுமேன்னு கவர்ல போட்டுக் குடுத்தேன். இன்னிக்கு மோதிரம் காணோம்னதும் முதல்ல அவருக்குத்தான் போன் பண்ணினேன்."

காலை 9.00.

கிழக்குத் தாம்பரத்தில் அந்தக் காவல் நிலையத்தில் பூட்டிய வீடுகளுக்கென்று ஒரு பதிவேடு உண்டு. ஊருக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே வந்து எழுதிவைத்துவிட்டுப் போகலாம். காலையும் மாலையும் ஒரு காவலர் வந்து பூட்டைப் பார்ப்பார். போட்டோ எடுத்து வீட்டுக்காரரின் கைபேசிக்கு அனுப்புவார். பதிவேட்டை எழுதுவது லோகநாயகி. தெருத்தெருவாகப் போவது முதல்நிலைக் காவலர் குப்புராஜ். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆறு வீடுகளோடு ஆரம்பித்தது, இந்தத் தீபாவளிக்கு நூற்று நாற்பதைத் தாண்டியது. இதுவரை ஒரு வீட்டில் ஒரு ஸ்பூன் காணாமல் போனதில்லை.

குப்புராஜ் இன்ஸ்பெக்டரின் மேஜைக்கு முன்னால் நின்றிருந்தார். மேஜைமேல் கிழிந்த கவரும் சாவியும்.

"கவரை ஏன்யா கிழிச்ச?"

"சனிக்கிழம சாயங்காலம் மழ புட்ச்சிகிச்சு சார். தெருவுல தண்ணி ஏற ஆரம்பிச்சிது. மெயின் ஹால்லதான் கீது. ஷூவ வெளிய வுட்டுட்டு உள்ள போயி மெயின அணைச்சேன், வந்தேன். ரெண்டே நிமிஷம். அய்யாவுக்கும் மெசேஜ் போட்டேன்."

"ரெண்டு நிமிஷமா இருபது நிமிஷமான்னு யாருக்குத் தெரியும்? கூட யார் இருந்தா?"

"யாரும் இல்ல சார். நான் மட்டுந்தான்."

"கஸ்தூரி அவென்யூ வாட்ஸ்அப் குரூப்பைப் பார்த்தியா? 'காவலரே கள்வர்'னு ஒருத்தர் கவிதை எழுதிட்டார். பதிவேட்டுலேர்ந்து எங்க பேரை எடுங்கன்னு ஏழு வீட்டுக்காரங்க போன் பண்ணிட்டாங்க. நாலு மணிக்கு அசிஸ்டன்ட் கமிஷனர் வர்றார்." இன்ஸ்பெக்டர் லோகநாயகியின் பக்கம் திரும்பினார். "சஸ்பென்ஷன் ஆர்டர் டைப் ஆகுது. அதுக்குள்ள நீங்க ஏதாவது கொண்டு வந்தா பார்க்கலாம். இல்லேன்னா என் கையில ஒண்ணும் இல்ல."

வெளியே வந்ததும் குப்புராஜ் தாழ்ந்த குரலில் கேட்டார். "மேடம், நீங்க இன்னா நெனைக்கிறீங்க?"

"பதினாலு பவுனை விட்டுட்டு அரைப் பவுனை எடுக்கிற அளவுக்கு நீங்க கணக்குல வீக் இல்லண்ணே."

அவர் சிரிக்க முயன்றார். வரவில்லை. வாசல் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். நிலையத்துக்குள் போகிற வருகிற ஒவ்வொருவரும் அவரைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

காலை 10.15.

அந்த வீட்டின் வாசலைத் தெளித்துக் கோலம் போடுவது கிளியம்மாள். பூர்வீகம் ராஜகீழ்ப்பாக்கம், சுற்றுவட்டாரத்தில் எட்டு வீடு வேலை. வீட்டுக்காரர்கள் ஊரில் இல்லாத நாளிலும் கோலம் விழ வேண்டும், ஆள் இல்லை என்று தெரியக் கூடாது என்பது ரமாவின் ஏற்பாடு.

"நான் கேட்டுக்கு உள்ளார காலே வெக்கல மேடம்" என்றாள், கேட்பதற்கு முன்பே. "டவுட்டா இருந்தா எதிர் வூட்டு கேமராவ பாரு."

"அதுல பதிவாகியிருக்குமா?"

"எங்க? அது ஓடவே ஓடாது. சும்மா பயங்காட்ட மாட்டிக்கீறாங்க."

லோகநாயகி சிரித்துவிட்டாள். "வியாழக்கிழமை அவங்க கிளம்பறப்போ நீங்க இருந்தீங்களாம்மா?"

"இல்லாம? அஞ்சு மணிக்கு புள்ளி வெச்சிகினு கீறேன். அய்யா ரெண்டு பொட்டிய கோலத்து மேலயே உருட்டிகினு வர்றாரு! அந்தம்மா திட்டுது. பக்கத்து வூட்டு சாரு, அவரு பேரு இன்னா, சூர்யநாராயணன், அவருதான் எப்பவும் டேசனுக்கு இட்டுகினு போவாரு. அவரு காரு டிக்கி மூட மாட்டேன்னிச்சு. நானும் அய்யாவும் மேல உக்காந்து அமுக்குறோம். அந்த நேரம் பாத்து அம்மா 'காஸ மூடினேளா'ன்னு கேக்குது. அய்யா முழிக்கிறாரு. பக்கத்து வூட்டு சாருதான், 'நீங்க வண்டில ஏறுங்கோ, நான் பாக்கறேன்'னு உள்ள போனாரு. அதுக்குள்ள டிக்கி மூடிச்சு, மறுபடி தொறந்துச்சு, மறுபடி மூடிச்சு. அப்பால அவரும் வந்துட்டாரு. அய்யா பூட்டப் போட்டு நாலு வாட்டி இழுத்துப் பாத்தாரு. இந்த கலாட்டால என் கோலம் பாழாப் போச்சு. திரும்ப போட்டேன்."

"அப்புறம் நாலு நாளும் பூட்டு?"

"தொங்கிகினே இருந்துச்சு. போலீசுகாரரு காலைல வருவாரு, பூட்ட போட்டோ புடிப்பாரு. ஒரு நாளு, பூட்டுக்கு பவுடர் போட்டு வுடட்டுமான்னு கேட்டேன். சிரிச்சாரு பாவம். அவரா மேடம் எட்த்தாரு? எனக்கு நம்பிக்க இல்ல."

காலை 11.30.

சூர்யநாராயணன் அன்று அலுவலகத்துக்கு விடுப்பு. தனியார் கம்பெனி ஒன்றில் கொள்முதல் அதிகாரி. ஐம்பத்திரண்டு வயது, வெள்ளை வேட்டி, வலது கையில் கட்டு.

"காலையில ரயில்வே ஸ்டேஷனுக்கு நான்தான் போயிருக்கணும் மேடம்" என்றார். "அவா எங்க போனாலும் கொண்டுவிடறதும் கூட்டிண்டு வரதும் நான்தான். விரல் இப்படி ஆனதால ஆட்டோல வந்தா. எனக்கே கஷ்டமா இருந்தது."

"விரலுக்கு என்ன ஆச்சு சார்?"

"கார் கதவு. நேத்திக்குக் காலையில."

லோகநாயகி தலையசைத்தாள். பிறகு பேசவில்லை. அவருடைய மனைவி அபிதகுஜாம்பாள் மோர் கொண்டுவந்து வைத்தாள். கடிகாரம் அடித்தது. அவர் நாற்காலியின் கைப்பிடியில் இடது கை விரல்களால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். வலது கையின் நடுவிரல் அடியில், உள்ளங்கையை ஒட்டினாற்போல், தடிமனாகக் கட்டு. அதற்கு மேலே விரல் நுனி வெளியில் தெரிந்தது. நகம் ரோஜா நிறத்தில் சுத்தமாக இருந்தது.

அவரே மறுபடி ஆரம்பித்தார். "ஒரு கையால சாத்தினேன், இன்னொரு கை உள்ள இருந்தது, கவனிக்கலை. பயங்கர வலி. அவ்வளவுதான்."

"போதாத காலம் மேடம்" என்றாள் அபிதகுஜாம்பாள். "இருபத்தெட்டு வருஷமா ஒரே ஆபீஸ். இப்போ குவாஹாத்திக்கு மாத்தியிருக்கா. அடுத்த மாசம் போயாகணும். ஏழரைச் சனி. சனிக்கிழமை தவறாம எள் விளக்கு ஏத்தறார். ஜோசியர் என்ன சொன்னார்னா..."

"அபிதா, மேடம் ஜோசியம் கேக்கவா வந்திருக்கா?"

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவருக்கே அது தெரிந்து, மோரை எடுத்துக் குடித்தார். இடது கையால்.

"குப்புராஜைப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க சார்?" என்று கேட்டாள் லோகநாயகி.

அவர் வெகுநேரம் பதில் சொல்லவில்லை. மௌனங்களை அவள் அறிவாள். வார்த்தை தேடுகிறவனின் மௌனம் ஒரு மாதிரி இருக்கும். வார்த்தை கையில் இருந்தும் கையை மூடிக்கொண்டிருப்பவனின் மௌனம் வேறு மாதிரி.

"எனக்கு அவரைச் சரியாத் தெரியாது" என்றார் கடைசியில்.

பகல் 1.10.

தீயணைப்பு நிலையத்தில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்த ஜெர்சன் குழாயை நிறுத்திவிட்டு வந்தான். கோவளத்துக்காரன். பார்க் கூட்டத்தில் எரிகிற சிலிண்டரை ஈரச் சாக்கால் அணைத்துக் காட்டிக் கைதட்டல் வாங்கியவன்.

"வாங்கக்கா. இன்னா, ஸ்டேஷன்ல பாம்பா?"

"பாம்பு இல்ல தம்பி. மோதிரம்."

"யாருக்கு மாட்டிக்கிச்சு? உங்க இன்ஸ்பெக்டருக்கா?"

பாம்பு பிடிப்பது, கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்குவது, கம்பத்தில் சிக்கிய காக்காயை விடுவிப்பது என்று அந்த நிலையத்துக்குத் தீ தவிர வேலை நிறைய. விரலில் இறுகிப்போன மோதிரத்தை வெட்டி எடுப்பதும் அதில் ஒன்று. காசு கிடையாது. டாக்டர்களே இங்கே அனுப்பிவைப்பார்கள்.

"நேத்து காலையில யாராவது மோதிரம் வெட்ட வந்தாங்களா?"

"ஒருத்தர் வந்தாரு. பத்தரை மணி இருக்கும். நடுவிரல் கத்திரிக்கா மாதிரி வீங்கிக் கெடந்துச்சு. நூலு சுத்திப் பாத்தேன், சோப்பு போட்டுப் பாத்தேன், ஒண்ணும் வேலைக்கு ஆவல. அப்புறம் கட்டர்தான்." அவன் ஒரு கணம் யோசித்தான். "ஒண்ணு மட்டும் எனக்கு உறுத்திக்கினே இருந்துச்சுக்கா. பதினஞ்சு வருஷமா கழட்டினதே இல்லன்னாரு. ஆனா வெட்டி எடுத்தா அடியில வெளுப்பே இல்ல. நம்ம ஊரு வெயிலுக்கு ஆறு மாசம் போட்டாலே வெள்ளைக் கோடு விழும். இவருக்குத் தோலு மொத்தமும் ஒரே கலரு. முந்தாநேத்து போட்ட மாதிரி."

"பேர்?"

அவன் பதிவேட்டைப் புரட்டினான். "நாராயணன், சேலையூர்."

"போட்டோ எடுத்தியா?"

"எடுக்காம? வெட்டறதுக்கு முன்ன ஒண்ணு, பின்ன ஒண்ணு. ஆபீசருக்கு அனுப்பணும்ல."

கைபேசியை நீட்டினான். விரல் நடுவில் சிக்கியிருந்த வட்டத்தின் மேல், வெயில் பட்டு, ஒரு நீலம். லோகநாயகி அதை நிதானமாகப் பார்த்தாள்.

"இதை எனக்கு அனுப்பு தம்பி."

"திருட்டு மோதிரமாக்கா?"

"அதான் தெரியலை. எடுத்தது யார்னு தெரியுது. பூட்டின வீட்டுக்குள்ள எப்படிப் போனார்னு தெரியலை."

அலுவலகத்தின் சுவரில் பார்க் கூட்டத்தில் கொடுத்த துண்டுப் பிரசுரம் ஒட்டியிருந்தது. அவள் அதன் முன்னால் நின்றாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு வாசகங்கள். நான்காவதில் அவளுடைய கண் நின்றுவிட்டது. ஜெர்சன் வண்டியின் ஒரு பக்கத்தை முழுசாகக் கழுவி முடிக்கும்வரை அவள் அங்கேயே நின்றிருந்தாள். பிறகு ரமாவுக்குப் போன் செய்தாள்.

"ஒரே ஒரு கேள்விம்மா. காலையில பால் காய்ச்சினீங்களே, அதுக்கு முன்னாடி சிலிண்டரைத் திறந்தீங்களா?"

"திறக்கணுமா? இல்லையே. லைட்டரைத் தட்டினேன், பத்திண்டது."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கீழே குனிஞ்சு ரெகுலேட்டரைத் திருப்பினீங்களா?"

"முட்டி வலியோட குனிஞ்சிருந்தா மறந்துபோகுமா மேடம்? குனியவே இல்லை."

பிற்பகல் 2.40.

யக்ஞநாராயணன் வீட்டுக் கூடத்தில் நாலு பேர். ரமாவும் அவரும் சோபாவில். எதிரே சூர்யநாராயணன், கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு. லோகநாயகி சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

"காலையிலேர்ந்து எல்லாருமே பூட்டைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கோம்" என்றாள். "பூட்டு உடையலை. சாவி மூணு. அதனால சாவி வச்சிருந்தவர்தான் திருடன். நானும் மத்தியானம்வரைக்கும் அந்தப் பூட்டையேதான் சுத்திச் சுத்தி வந்தேன். ஆனா மோதிரம் புதன்கிழமை ராத்திரி இருந்தது, வியாழக்கிழமை காலையில பூட்டு விழுந்தது. நடுவுல இருக்கிற நேரத்தைப் பத்தி யாருமே கேக்கலை. ஏன்னா, அப்போ வீட்டுல ஆள் இருந்தாங்க."

"நாங்க ரெண்டு பேர்தானே இருந்தோம்?" என்றார் யக்ஞநாராயணன்.

"மூணு பேர் சார். நீங்க டிக்கி மேல உக்காந்து அமுக்கிக்கிட்டு இருந்தப்போ, காஸை மூடறேன்னு ஒருத்தர் உள்ளே போனார்."

ரமா மெதுவாகத் திரும்பினாள். சூர்யநாராயணன் அசையவில்லை.

"நான் மூடிட்டுத்தானே வந்தேன்?" என்றார்.

"சொன்னீங்க. ஆனா இன்னிக்குக் காலையில அம்மா வந்து சிலிண்டரைத் திறக்காமலே அடுப்பு பத்திக்கிச்சு. ஊருக்குப் போகும்போது ரெகுலேட்டரை மூடுங்கன்னு பார்க்ல ஜெர்சன் தொண்டை கிழியச் சொன்னான். நோட்டீஸ்ல நாலாவது வரி. மூடினா, திறக்காம எரியாது. அப்போ நீங்க அந்த அஞ்சு நிமிஷம் சமையலறையில சிலிண்டர்கிட்ட போகவே இல்லை. அரிசி டப்பாகிட்ட போனீங்க. சாவி அங்கே இருக்கும்னு அதே கூட்டத்துல இந்தத் தெரு முழுக்கச் சிரிச்சுச் சொல்லியாச்சு."

வெளியே காய்கறி வண்டிக்காரனின் ஒலிபெருக்கி முருங்கைக்காய் விலையைச் சொல்லிக்கொண்டே கடந்து போனது.

"பணம் வேணும்கிறவர் சங்கிலியை எடுத்திருப்பார். இவருக்குத் தங்கமே வேண்டாம். ஏழரைச் சனிக்கு நீலக்கல்லு மட்டும் வேணும். அதுவும் நாலு நாளைக்கு. நீலக்கல் எல்லாருக்கும் ஒத்துக்காதாம். வாங்கறதுக்கு முன்னாடி மூணு நாள் போட்டுப் பார்க்கணுமாம். நல்லது நடந்தா வச்சுக்கலாம், கெட்டது நடந்தா கழட்டிடணும். கேட்டா நீங்க குடுக்க மாட்டீங்க. சனிக்கிழமை காலையில போட்டுக்கிட்டு, திங்கட்கிழமை உங்களை ஸ்டேஷன்லேர்ந்து கூட்டிட்டு வந்து, பெட்டியை உள்ளே வைக்கிற சாக்குல திரும்ப வச்சுடலாம். உங்களுக்குத் தெரியவே தெரியாது."

லோகநாயகி கைபேசியை டீப்பாயின் மேல் வைத்தாள். நீலக்கல்லும் வீங்கிய விரலும்.

"கார் கதவுல மாட்டினா நுனி நசுங்கும் சார், நகம் கறுக்கும். உங்க கட்டு விரலோட அடியில இருக்கு. அங்கே இறுக்கறது ஒண்ணே ஒண்ணுதான்."

சூர்யநாராயணன் மடியிலிருந்த கையைப் பார்த்தபடியே இருந்தார். பிறகு இடது கையால் சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். உள்ளே வெட்டுப்பட்டு விரிந்த வளையம். கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"திரும்ப வைக்கத்தான் எடுத்தேன் சார். சத்தியமா. வெட்டினப்புறம் எப்படி வைக்கிறதுன்னு தெரியலை. நகைக்கடையில பத்த வச்சுடலாம்னு பார்த்தா நேத்திக்கு ஞாயித்துக்கிழமை, ஆசாரி வரலை. இன்னிக்குக் காலையில வந்து சொல்லிடணும்னு செருப்பைக்கூட மாட்டிண்டேன். அதுக்குள்ள குரூப்புல போலீஸ்காரர் பேர் வந்துடுத்து."

யக்ஞநாராயணன் மோதிரத்தைக் கையில் வாங்கி, வெட்டுப்பட்ட இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தாள் லோகநாயகி. சிரித்துக்கொண்டிருந்தார்.

"சரி, ஒத்துண்டுதா?" என்றார்.

"நன்னா இருக்கு கேள்வி!" என்றாள் ரமா. கோபத்தில் ஆரம்பித்த குரல் பாதியிலேயே உடைந்தது. "விரல் வீங்கி, தீயணைப்புக்காரா வெட்டி, ஆத்துக்குப் போலீஸ் வந்தாச்சு. இதுக்கு மேல அந்தக் கல்லு வாயைத் திறந்தா சொல்லணும்?"

சூர்யநாராயணனும் சிரிக்கப் பார்த்தார். லோகநாயகி சிரிக்கவில்லை.

"மோதிரம் உங்களுக்குள்ள சார்" என்றாள். "புகாரை வச்சுக்கறதும் விடறதும் அவங்க இஷ்டம். ஆனா காலை ஒன்பது மணியிலேர்ந்து ஒரு மனுஷன் எங்க ஸ்டேஷன் வாசல்ல உக்காந்திருக்கார். அவர் திருடலைன்னு இந்த ஊர்ல நிச்சயமாத் தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தான். நான் வந்து நேராவே கேட்டேன். அவரைச் சரியாத் தெரியாதுன்னீங்க."

அவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். பிறகு எழுந்தார்.

"எங்க வரணும் மேடம்?"

பிற்பகல் 3.35.

யக்ஞநாராயணன் புகாரைத் திரும்பப் பெற்று எழுதிக் கொடுத்தார். சூர்யநாராயணன் நடந்ததை இரண்டு பக்கத்துக்கு இடது கையால் எழுதினார். எழுத்து எறும்பு ஊர்ந்ததுபோல் இருந்தது. இன்ஸ்பெக்டர் அதையே காலனி குரூப்பிலும் போடச் சொன்னார். போட்டார். கவிதை எழுதியவரிடமிருந்து பதில் வரவில்லை. டைப் செய்த உத்தரவை இன்ஸ்பெக்டர் நாலாக மடித்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

"சாவி வாங்கினதுக்கு மெமோ உண்டுய்யா" என்றார் குப்புராஜிடம். "இனிமே அந்தக் கடவுளே வந்து குடுத்தாலும் வாங்காதே."

"சரி சார்."

வாசலில் சூர்யநாராயணன் அவருக்காகக் காத்திருந்தார். கையைக் கூப்ப முயன்றார்; கட்டு தடுத்தது.

"என்னை மன்னிச்சுடுங்கோ. தைரியம் வரலை."

குப்புராஜ் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். கையைப் பிசைந்தார். லோகநாயகி குறுக்கே போகவில்லை. இது அவருடைய நேரம்.

"ஒரு வார்த்த காலைலயே சொல்லியிருக்கலாம் சார்" என்றார் குப்புராஜ் கடைசியில். "என் வூட்டுக்காரி குரூப்புல படிச்சிட்டு காலைலேர்ந்து பச்சத் தண்ணி குடிக்கல. எனக்கு அதான் தாங்கல. வேற ஒண்ணும் இல்ல. கைக்கு மஞ்ச பத்து போடுங்க. வீக்கம் வடியும்."

அவர் பதிலுக்குக் காத்திராமல் திரும்பி, வேப்ப மரத்தடிக்குப் போய்க் கைபேசியை எடுத்தார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

"சந்திரிகா... அழுவாத. இன்னா சொல்றேன்னு கேளு. அழுவாதன்றேன்ல... நான் இல்லன்னு தெரிஞ்சி போச்சு. ஆமா, எழுதியே குடுத்துட்டாரு. குரூப்புலயும் போட்டாச்சு, பாரு." அவர் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றார். இன்னொரு கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ம். எனக்கும் பசிக்குது. மீன் கொழம்பு இருந்தா சூடு பண்ணி வெய்யி. நான் வர்ற வரிக்கும் காத்துக்கினு இருக்காத, நீ மொதல்ல சாப்புடு."